ஊரில் இல்லாதவர்

போலீஸ்காரர் விசாரிக்க வந்த அன்று, வில்லாயுதம் என்ற ஆள் இங்கே இல்லை என்று ஊரே சொல்லிவிட்டது. பாஸ்போர்ட் நின்றுபோனது. சொன்னவர்களில் ஒருத்தன்கூட அவருக்கு வேண்டாதவன் இல்லை. அதுதான் கேடு. டீக்கடை சூசை, கிளாஸைக் கழுவிக்கொண்டே, அப்படி யாரும் இல்லீங்களே என்றிருக்கிறான். அப்போது அவன் கடை பெஞ்சில் வில்லாயுதத்தின் துண்டு கிடந்திருக்கிறது. ரேஷன் கடை வரிசையில் நின்ற பொம்பளைகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து, பேரே புதுசா இருக்கே என்றிருக்கிறார்கள். எதிர்வீட்டுக் காளிமுத்து எல்லாரையும் மிஞ்சிவிட்டான். சின்ன வயசிலிருந்து ஒரே கண்மாயில் குதித்தவன். அந்த ஆளு செத்து நாலஞ்சு வருசமாச்சுங்கய்யா, நல்ல மனுசன் என்று சொல்லிக் கண்ணையும் துடைத்துக்கொண்டானாம். சாயங்காலம் விறகைச் சுட்டுக் கரியாக்கும் மூட்டத்திலிருந்து திரும்பியவரிடம் அதை வேறு பெருமையாகச் சொன்னான். ஒன்னத் தேடி போலீசு வந்துச்சு வில்லு, ஒரே அடியா அனுப்பிவிட்டேன், இனிமே வராது. வில்லாயுதம் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். யாரைத் திட்டுவது? இந்த ஊரில் காக்கிச்சட்டை வந்து ஒரு பேரைச் சொல்லிக் கேட்டால், அந்தப் பேரில் ஆள் இல்லை. எதற்குக் கேட்கிறான், என்ன சங்கதி என்பதெல்லாம் அப்புறம். முதலில் ஆள் இல்லை. பிள்ளைக்குப் பேச்சு வந்ததும் அம்மா, அப்பா, அடுத்து இதுதான். அவரே எத்தனை பேரை இப்படி இல்லாமல் ஆக்கி அனுப்பியிருக்கிறார். வைக்கோல் படப்புக்குள் ஆளை வைத்துக்கொண்டு, படப்பின்மேல் சாய்ந்து நின்று, தெரியாதுங்கய்யா. அந்த வாய்தான் ஊர் வாய். அதைப் போய் என்ன கோபிக்க.

அதனால் இன்று விடிந்ததும் கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வாசல் புங்கமரத்தடியில் போட்டு உட்கார்ந்துவிட்டார். மறுவிசாரணை. ஆள் வரும், எப்போது என்று சொல்ல முடியாது, வீட்டைவிட்டு நகரக்கூடாது என்று டவுன் ஆபீசில் சொல்லியிருந்தார்கள். நேற்றும் உட்கார்ந்தார். முந்தாநாளும். உட்கார்ந்து பழகாத உடம்பு, இடுப்பு கத்துகிறது. கண்மாய்க்கரைக்கு அந்தப் பக்கம் அவருடைய கரிமூட்டம் புகைகிறது. இங்கிருந்து பார்த்தால் கருவேல மரங்களுக்குமேல் வெள்ளையாக ஒரு வால். வெள்ளையாக வருகிறவரை பயமில்லை. உள்ளே விறகு ஈரத்தைக் கக்குகிறது. மேலே பூசிய மண் எங்காவது வெடித்துக் காற்று உள்ளே போனால் புகை நீலமாகும். உடனே ஓடி ஈரமண்ணை அப்ப வேண்டும். இல்லாவிட்டால் அடுக்கிய அத்தனை விறகும் சாம்பல். பார்க்க ஆள் இல்லை. இருட்டோடு போய் ஒரு பூச்சு பூசிவிட்டு வந்தார். தாங்கும். தாங்காவிட்டால் போகட்டும். சட்டைப்பையில் போன் கிடக்கிறது. சும்மா கிடக்கும் போன் இவ்வளவு கனக்குமா. எடுத்துப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை. தமயந்தி கூப்பிடமாட்டாள். அவளுக்குப் பேச மூச்சு போதவில்லை. ஒரே மகள். மலேசியாவில் கட்டிக்கொடுத்தது. கிட்னி ரெண்டும் போய்விட்டது. மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிறார்கள். விமானத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா ஒரு தடவ வந்துட்டுப் போங்க என்றாள். சின்னப் பிள்ளையில் திருவிழாக் கடையில் பலூன் கேட்பாளே, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேண்டாம் என்பதுபோலக் கேட்பாளே, அந்தக் குரல். அதற்கு அப்புறம் அவள் குரல் வரவில்லை. இவர் கூப்பிட்டால் மருமகன் எடுக்கிறார். தூங்குறா மாமா. காலையில் கூப்பிட்டால் தூங்குறா மாமா. மத்தியானம் கூப்பிட்டால் தூங்குறா மாமா, எந்திரிச்சதும் பேசச் சொல்றேன். எந்த மனுஷி இவ்வளவு தூங்குவாள்? அங்கே நம்மைவிட முந்தி விடிகிறதாம். விடிந்து இத்தனை நேரமாகியுமா தூக்கம்? மருமகன் நல்ல பையன். அதுதான் பயம். நல்லவன் சொல்லும் இல்லைக்கு ஒரு குரல் உண்டு; மெதுவாக, கொஞ்சம் அவசரமாக, அடுத்த கேள்வி வருவதற்குள் கதவைச் சாத்துகிற குரல். சூசை கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னானே, அந்தக் குரல். வில்லாயுதத்துக்கு அந்தக் குரலைத் தெரியாதா. பிறந்ததிலிருந்து கேட்கிறார். வேண்டாம். அதை நினைக்க வேண்டாம். தூங்குகிறாள். மருந்து அப்படி.

பாஸ்போர்ட் ஆபீசில் விரலை ஒரு கண்ணாடிமேல் வைக்கச் சொன்னார்கள். வைத்தார். மெஷின் கத்தியது. அந்தப் பெண், மூக்குக் கண்ணாடி போட்ட சின்னப் பெண், ஈரத்துணி கொடுத்து, துடைச்சுட்டு வைங்க ஐயா என்றாள். துணி கறுத்தது. மறுபடி கத்தியது. கரி ரேகைக்குள் குடியிருக்கிறது, அது எங்கே போகும். உரசி உரசித் தோல் எரிகிறவரைக்கும் துடைத்தார். மூன்றாவது துணிக்கு அப்புறம்தான் மெஷின் சும்மா இருந்தது. படம் பிடிக்கும்போது நேரே பாருங்க என்றார்கள். எதை நேரே பார்க்க? ஒரு கறுப்பு ஓட்டை. அதற்குள் தமயந்தி இருப்பதாக நினைத்துக்கொண்டு பார்த்தார். கட்டிக்கொடுத்து அனுப்பிய அன்று விமான நிலையத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் போனாள், திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள், இவர் கையாட்டவில்லை. கையாட்டுவதெல்லாம் என்ன பழக்கம் என்று நின்றார். ஆட்டியிருக்கலாம். தேய்ந்தா போகும். அப்புறம் பாஸ்போர்ட் கிடையாது என்று கடிதாசு வந்து, அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி போனபோது அதே பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்தாள். ஐயா, உங்க ஊர்ல நீங்க இல்லையாம். பக்கத்தில் நின்ற ஒருத்தன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இறந்துட்டதா ஒருத்தர் சொல்லியிருக்கார், அதுவும் எழுதியிருக்கு என்றாள், ஏதோ அவளே செய்த தப்புப்போல. செத்தவன் கையைப் பாரும்மா, சூடா இருக்கா என்று மேஜைமேல் கையை நீட்டினார். கோபம்தான். அவள் நிஜமாகவே தொட்டுப் பார்த்தாள். யாரைப் பாக்கப் போறீங்க என்று கேட்டாள். பொண்ணு என்றார். மறுவிசாரணைக்கு எழுதிக் கொடுத்தது அவள்தான். இந்தத் தடவ உங்களத் தெரிஞ்சவங்க யாராவது தெரியும்னு சொல்லணும் ஐயா, சொல்லுவாங்கல்ல? சொல்வார்கள் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தார். தெரிஞ்சவர்களுக்கு என்ன பஞ்சம்.

சுவருக்கு அந்தப் பக்கம் விளக்குமாறு ஓடுகிறது. சர், சர், நிற்கிறது, சர். பக்கத்து வீட்டுக்காரி வாசல் கூட்டுகிறாள். அவருடைய தம்பி பெண்டாட்டி. சேதுராசு பெண்டாட்டி என்று சொல்லலாம், சேதுராசு இல்லை. அவள் இருக்கிறாள். அவளோடு இவர் பேசி எத்தனை மழை பெய்து எத்தனை தடவை கண்மாய் நிறைந்து வற்றிவிட்டது. பேச்சு மட்டுமா, பேரைக்கூட எடுப்பதில்லை. ஊரில் அவளைச் சொல்ல வேண்டி வந்தால் பக்கத்து வீடு என்பார். ஆடு மேய்த்துக் காலம் தள்ளுகிறாள். அவள் இருமினால் இவருக்குக் கேட்கும். இவர் இருமினால் அவளுக்கு. கண்மாய் மடையை அடைத்தது யார் என்று கீழூரோடு தகராறு வந்த வருஷம், அங்கே ஒருத்தன் மண்டை உடைந்தது. வேன் வேனாகப் போலீசு வந்தது. ஊர் ஒரே வாயாக நின்றது. ஆம்பளை யாரும் இல்லீங்கய்யா, எல்லாம் வெளியூர் வேலைக்குப் போயிட்டாக. சேதுராசு கீழூர் பக்கமே போகாதவன். அன்று வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தான். அவள் கல்யாணமாகி வந்து மருதாணி அழியாதவள். தூரத்து ஊர்க்காரி, இந்த ஊர் வழக்கம் தெரியாது. வாசலில் வந்து கேட்டவன் மரியாதையாகக் கேட்டிருக்கிறான். அம்மா, சேதுராசு வீடுதானே, இருக்காரா? இருக்காக, சாப்பிடுறாக, உக்காருங்க என்றிருக்கிறாள். செம்பில் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். கையைக் கழுவக்கூட விடவில்லை. எச்சில் கையோடு வேனில் ஏற்றியதை வில்லாயுதம் படப்புக்குப் பின்னாலிருந்து பார்த்தார். விரலெல்லாம் சோற்றுப்பருக்கை. அந்தக் கை. இத்தனை வருஷம் போயும் அந்தக் கைதான் வருகிறது, முகம் வரமாட்டேன் என்கிறது. திரும்பி வந்தவன் நிமிர்ந்து நடக்கவில்லை. மூத்திரம் சிவப்பாகப் போனது. அடுத்த மழைக்குள் போய்விட்டான். அவனுக்கும் கிட்னிதான் என்று இப்போது புரிகிறது. அப்போது அந்த வார்த்தையே ஊருக்குத் தெரியாது. ஒரு வார்த்தை. இல்லீங்கய்யா என்று ஒரு வார்த்தை. நாக்குப் புரண்டிருக்கக் கூடாதா? ஊர் மறந்துவிட்டது. அவளோடு சிரித்துப் பேசுகிறார்கள். இவருக்கு முடியவில்லை. முடியவில்லை என்றால் முடியவில்லை. தமயந்தி மட்டும் கேட்கமாட்டாள், தாய் இல்லாத பிள்ளை, சின்னம்மா சின்னம்மா என்று சுவரேறிக் குதித்துப் போய்விடுவாள், வரும்போது வாயில் கருவாட்டு வாசனை அடிக்கும், இவர் கேட்கமாட்டார். விளக்குமாறு நின்றுவிட்டது. அந்த வீட்டுக்குள் போன் அடிக்கிறது. நேற்றுச் சாயங்காலமும் அடித்தது. அவளை யார் கூப்பிடுகிறார்கள்? அவளுக்கு யார் இருக்கிறார்கள்? ஆட்டு வியாபாரியாக இருக்கும். யாராக இருந்தால் நமக்கென்ன.

காளிமுத்து வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான். கட்டில் முனகியது. சாப்பிட்டியா வில்லு? ம். வந்தானா? வரல. இந்தத் தடவ நான் பாத்துக்கிறேன், கவலப்படாத என்றான். போன தடவையும் நீதான பாத்துக்கிட்ட, கொன்னு போட்ட என்றார் வில்லாயுதம். ஏப்பா, தெரியாம செஞ்சதுக்கு எத்தன தடவ குத்திக் காட்டுவ, நீ செத்ததுக்கு நான் அழுகக்கூட செஞ்சேன் தெரியுமா? கருமாதிக்கு வடை போட்டியா? சாப்பிட நீ வருவல்ல, அப்ப போடுறேன். ரெண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள். அப்புறம் காளிமுத்து தரையைப் பார்த்தபடி, சொல்லுறது சொல்லுவேன் வில்லு, கையெழுத்து மட்டும் கேக்காத என்றான். சேதுராசுவோடு அவனையும் அன்றைக்கு வேனில் ஏற்றியிருந்தார்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். அந்த வெள்ளைத் தாளில் அப்புறம் என்னென்னவோ முளைத்தது. அதிலிருந்து பேனாவைக் கண்டால் அவனுக்குக் கை மடங்கிக்கொள்ளும். கேக்கல என்றார் வில்லாயுதம். வாயால சொல்லு போதும். சொல்றேன்யா. எம்புள்ள மாதிரி தமயந்தி, சொல்லாமப் போவேனா? புகையைப் பார்த்தார். வெள்ளைதான். ஓரத்தில் லேசாக ஒரு நீலம் போலத் தெரிந்தது. கண்ணாக இருக்கும். வயசான கண்ணுக்கு எல்லாமே நீலம். போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன? போன சமயத்தில் வந்துவிட்டால்? போகக் கூடாது. எரிந்தால் எரியட்டும். மெஷினில் அவள் ரத்தம் வெளியே போய் உள்ளே வருகிறதாம். குழாய் வழியாக. போன ரத்தம் சரியாகத் திரும்பி வருமா? வராவிட்டால் யாரைக் கேட்பது? தூங்குறா மாமா.

பைக் சத்தம் கேட்டதும் தெரு மாறியது. ஓடவில்லை யாரும், ஆனால் சூசை கடையில் திரை இறங்கியது, எதிர்வீட்டுக் கதவு பாதி சாத்திக்கொண்டது, கோழிகூட ஒதுங்கியது போலிருந்தது. வந்தவர் சின்ன வயசு. வேர்த்திருந்தார். கனகவேல் என்று சட்டையில் எழுதியிருந்தது. பைக்கை நிழலில் நிறுத்திவிட்டு, வில்லாயுதம் யாரு என்றார். நான்தான் என்று எழுந்தார். ஆதார், ரேஷன் அட்டை, எல்லாம் மஞ்சப்பையில் ரெடியாக இருந்தது, நீட்டினார். கனகவேல் படத்தையும் முகத்தையும் பார்த்தார். பாக்க நீங்கதான் மாதிரி இருக்கு. மாதிரி என்ன மாதிரி, நான்தான் என்றார் வில்லாயுதம். கோவிக்காதீங்க பெரியவரே, போன தடவ வந்தவர் எழுதியிருக்கறதப் படிச்சா நீங்க இல்ல, இன்னொரு எடத்துல செத்தே போயிட்டீங்க, இப்ப நான் இருக்கார்னு எழுதணும்னா அக்கம்பக்கத்துல ஒருத்தராவது சொல்லணும்ல? சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார். ஐயா, இவரைத் தெரியுமா உங்களுக்கு? காளிமுத்து எழுந்து நின்றான். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு வந்தது. வில்லாயுதம் அவன் வாயையே பார்த்தார். திறந்தது. தெரியாதுங்கய்யா என்றது. நான் வெளியூருங்க. அவர் கட்டிலில், அவர் வாசலில், அவர் வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நின்று சொன்னான். சொன்னது காதில் விழுந்ததும் அவனுக்கே முகம் வெளுத்தது. இல்ல, அதாவது என்றான், வரவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது, இந்தத் தடவை நிஜமாக. வில்லாயுதத்துக்குக் கோபம் வரவில்லை. ஐயோ பாவம் என்றுதான் இருந்தது. படப்பின்மேல் சாய்ந்து நின்று தானும் இப்படித்தானே. வாய் முந்திக்கொள்கிறது, மனுஷன் பின்னால் நின்று பார்க்கிறான். கனகவேல் பேப்பரை மடித்தார். பெரியவரே, எனக்கு இன்னும் ரெண்டு ஊர் போகணும். சார், கொஞ்சம் இருங்க என்றார் வில்லாயுதம். சார் என்று யாரையும் கூப்பிட்டதில்லை. நாக்கில் கசந்தது. தெருவைப் பார்த்தார். எத்தனை வீடு, எத்தனை கதவு. எல்லாக் கதவுக்குப் பின்னாலும் தன்னைத் தெரிந்த கண்கள். அத்தனையும் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. கண்மாய்ப் பக்கம் புகை நீலமாகிவிட்டது. கண் இல்லை. நிஜமாகவே நீலம். காற்று உள்ளே போய்விட்டது. அவர் அசையவில்லை.

என்ன சார் கேக்கணும், என்னக் கேளுங்க. குரல் சுவர்ப் பக்கத்திலிருந்து வந்தது. விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரி வந்து நின்றாள். தலை முழுக்க வெளுத்துவிட்டதை வில்லாயுதம் அப்போதுதான் பார்த்தார். இவரைத் தெரியுமாம்மா? தெரியும். எப்பயிருந்து? கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலயிருந்து. இந்த வீட்லதான் இருக்காரா? இருக்காக. அதே சொல். இருக்காக. அன்றைக்கும் இதே சொல்தான், இதே வேகம்தான், நடுவில் எதையும் வைத்து யோசிக்காத வேகம். எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன், எனக்கு மூத்தார் முறை, கரிமூட்டம் போடுறாக, போன தடவ போலீசு வந்தப்ப நான் ஆட்டோட காட்டுல இருந்துட்டேன், இருந்திருந்தா அப்பவே சொல்லியிருப்பேன் என்றாள். கனகவேல் வேகவேகமாக எழுதினார். எப்ப சார் கெடைக்கும் என்று கேட்டாள். நான் இன்னைக்கே அனுப்பிடுவேன்மா, பத்து நாளுக்குள்ள வந்துரும். சீக்கிரமா அனுப்புங்க, அந்தப் புள்ள ரொம்ப நாளைக்குத் தாங்காது. அவள் இவரைப் பார்க்கவில்லை, போலீஸ்காரரிடம்தான் சொன்னாள். நேத்துச் சாயங்காலம்கூட எங்கிட்டப் பேசுனா. இப்பவும் போன் போட்டா. நாலு வார்த்த பேசுறதுக்குள்ள மூச்சு வாங்குது, அந்தக் கொரல அப்பா கேட்டா ஒடஞ்சு போயிருவாகன்னு அவுக கூப்பிடுறப்பல்லாம் தூங்குறேன்னு வீட்டுக்காரரச் சொல்லச் சொல்லியிருக்கா. அப்பா வர்றாகளா சின்னம்மான்னு கேட்டா. வருவாகன்னு பொய் சொல்ல வாய் வரல எனக்கு. தெரியலடின்னேன். அப்ப இருக்கிறாள். வில்லாயுதம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். இருக்கிறாள். ரொம்ப நாள் தாங்காது, ஆனால் இருக்கிறாள். நேற்று இருந்தாள், இந்த விளக்குமாறு நின்ற நேரத்தில் இருந்தாள். ஊரில் வேறு யார் சொன்னாலும் நம்பியிருக்கமாட்டார். எல்லா வாயும் நல்ல வாய். இல்லாததை இருக்கு என்று சொல்லும், இருப்பதை இல்லை என்று சொல்லும், அன்பாக. இந்த ஒரு வாய் மட்டும்தான் திறந்தால் இருப்பது வரும். இதற்காகத்தானே இத்தனை காலம் பேசாமல் இருந்தது. சோற்றுப்பருக்கை ஒட்டிய கை வந்தது. கூடவே, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, சேதுராசுவின் முகமும் வந்தது. வேனில் ஏறும்போது அவன் அவளைத்தான் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. எழுதிய பேப்பரில் கைநாட்டு வைத்துவிட்டு அவள் விரலைச் சுவரில் தேய்த்தாள். உங்க பேரும்மா? கனகவேல் பேனாவைத் தூக்கிக் காத்திருந்தார். அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள். அவுகள நான் சொல்லிட்டேன், நான் யாருன்னு அவுக சொல்லட்டும் என்றாள். குரலில் குத்தல் இல்லை. களைப்புதான் இருந்தது. சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். மூட்டம் எரிகிற வாசனை தெருவுக்குள் வந்துவிட்டது. காளிமுத்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சொல்லுங்க பெரியவரே, பேரென்ன? பேர் எங்கேயும் போகவில்லை, தொண்டைக்கடியில் அப்படியே கிடந்தது, மண் பூசி மூடியதுபோல. தோண்டத் தோண்டச் சுட்டது. என் தம்பி பெண்டாட்டி என்றார் முதலில். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை, தெருவில் பாதி திறந்திருந்த கதவுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார். என் தம்பி சேதுராசு பெண்டாட்டி. பேரு பஞ்சவர்ணம்.